நடுவாசலும் இரண்டு மீட்டர்களும்

எங்கள் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மீட்டர்கள் இருந்தன. ஒன்று எங்களுடையது, மற்றது என் கொழுந்தனுடையது. நடுச்சுவரில் ஒரு வாசல். அந்த வாசல் வழியாகத்தான் நானும் கொழுந்தன் மனைவியும் போய்வருவோம். அவளை நான் இளையவள் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

எனக்கு வெளியே இறங்குவது என்றால் சின்ன வயதிலிருந்தே கூச்சம். சபைக் கோயிலிலும் சுவரோரம் பார்த்துத்தான் உட்காருவேன். எங்கள் வாசற்படி ரோட்டைப் பார்த்தது, கொழுந்தன் வீட்டுப் படி பின்னால் இருக்கும் இடவழியைப் பார்த்தது. முற்றத்தின் நடுவே அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு மதில் கட்டிவிட்டார்கள். ஆகவே நடுவாசல் இல்லையென்றால், ஒரு கரண்டி தோசைமாவு கொடுக்கவேண்டுமானாலும் நான் ரோட்டில் இறங்கி, ரப்பர் ஷீட்டுக் கடையில் இருக்கிற ஆண்களைக் கடந்து, சாயாக்கடையில் இருக்கிற ஆண்களையும் கடந்து, சுற்றிப் போகவேண்டும். அதற்குப் பதில் தோசையே வேண்டாம் என்று இருந்துவிடுவேன்.

மீட்டர் இரண்டானது ஒரு இஸ்திரிப் பெட்டியால். முன்பு ஒரே மீட்டர்தான், மாமனார் காலத்தது. ஒரு தேர்தல் முடிவு நாளில் என் வீட்டுக்காரர் டிவி முன்னால் இருக்கிறார். கொழுந்தன் அந்தப் பக்கம் சட்டை தேய்க்கிறார். யார் ஜெயித்தார் என்று சொல்லப்போகும்போது ஃபியூஸ் போய்விட்டது. தம்பி வேண்டுமென்றே செய்தான் என்றார் இவர். அண்ணனுக்குத் தன் கட்சி தோற்ற கடுப்பு என்றார் அவர். அன்றோடு பேச்சு நின்றது. பழைய மீட்டர் கொழுந்தன் பாகத்துச் சுவரில் இருந்ததால் அது அவருக்கு ஆயிற்று. இவர் புதிதாக ஒன்றுக்கு எழுதிக்கொடுத்தார். அப்போது இவருக்குப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை, ஓயாத டியூட்டி. எங்கள் பாகமும் என் பெயரில்தான் இருந்தது. அதனால் கணெக்‌ஷனும் என் பெயரிலேயே வந்தது. வாசலைக் கண்டால் ஒரே வீடு என்று இரண்டாவது மீட்டர் தரமாட்டார்கள் என்பதால், கரண்டு ஆபீஸ்காரர் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும் நடுவாசலை மறைத்து ஒரு இரும்பு அலமாரியை நகர்த்தி வைத்தோம். இந்தப் பக்கத்தில் பாகம் பிரித்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. அவர் படி இறங்கினதும் நானும் இளையவளும் அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினோம்.

புதிய கரண்டில் ஒரு குறை இருந்தது. எங்களுக்கு ரோட்டு லைன். அதே லைனில்தான் தடி அறுக்கிற மில்லும். மில் ஓடினால் எங்கள் ஃபேன் ஏதோ யோசனையில் இருப்பதுபோலச் சுற்றும். கொழுந்தனுக்கு இடவழி லைன். அது ரப்பர் தோட்டம் வழியாக வருகிறது. ஒரு மழைக்கு ஒரு கொம்பு ஒடிந்து விழும், இளையவளின் மிக்ஸி சட்னியோடு நின்றுபோகும்.

என் தம்பி கல்ஃபில் வயரிங் வேலை பார்த்தவன். லீவில் வந்திருந்தபோது ஆண்கள் இரண்டு பேரும் சபைக் கன்வென்ஷனுக்குப் போயிருந்தார்கள். நானும் இளையவளும் சொன்னதை அவன் செய்துகொடுத்தான். நடுவாசலுக்கு மேலே ஒரு துளை. எங்கள் முன்னறை ஃபேனுக்கு அவர்கள் கரண்டு, அவர்கள் அடுக்களை மிக்ஸிக்கு எங்கள் கரண்டு. மழை நேரத்தில் ஃபேன் எதற்கு? மில் ஓடாத காலையில்தானே சட்னி? எல்லாம் கணக்காக வந்தது.

அதற்குப் பிறகு ஆண்களின் பெருமையைக் கேட்கவேண்டுமே. என் வீட்டுக்காரர் ஃபேனுக்குக் கீழே சாய்ந்துகொண்டு, சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லுவார்: “மில்லு ஓடினா என்ன? நம்ம லைனுக்கு ஒரு குலுக்கம் உண்டா? ரோட்டு லைனாக்கும்!” மழை பெய்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொழுந்தன் சொல்லுவார்: “ஊரே இருட்டாக் கெடக்கு. நம்ம மிக்ஸி நிக்குதா பாரு. அப்பன் வச்ச மீட்டராக்கும்!” நானும் இளையவளும் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவோம்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஃபேன் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. இவர் வயர்மேனைக் கூப்பிட்டார். அவன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டே, “மாமா, மெயினை ஆஃப் பண்ணுங்கோ” என்றான்.

“ஆஃப் மட்டுமா? கட்டையையே ஊரியாச்சு டே.” கழற்றின ஃபியூஸ் கட்டையைக் காட்டிவிட்டு இவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாராவது தெரியாமல் திருப்பி மாட்டிவிடக்கூடாதே, அப்படி ஒரு கவனம் அவருக்கு.

வயர்மேன் ஸ்டூலில் ஏறி மேலே பார்த்தான். “ஃபேன் கறங்குதே மாமா.”

“ஓடின வேகத்துல கறங்குது. இப்ப நிக்கும்.”

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேன் நிற்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கர்த்தரைக் கூப்பிட்டேன்.

“நல்ல லைனாக்கும். அதான் வேகம் குறைய நேரம் எடுக்கு” என்றார் இவர்.

வயர்மேன் மெல்லக் கீழே இறங்கினான். “கட்டை உங்க சட்டைப் பையில. கரண்டு ஃபேன்ல. எனக்கு ரெண்டு பிள்ளையள் உண்டு மாமா. நான் ஏறமாட்டேன்.”

அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல். இவர் கட்டையைக் கழற்றினபோதே கொழுந்தனின் சட்னி பாதியில் நின்றிருக்கிறது. “எவம்லே என் கரண்டை எடுத்தது?” என்று நடுவாசலுக்கு ஓடிவந்தார். இவரும் அங்கே போனார். வாசலுக்கு மேலே வயர் இரண்டு பக்கமும் போவதை வயர்மேன் விரலால் காட்டினான்.

“கரண்டுக் கள்ளன்!” என்றார் அண்ணன்.

“நீதான்டே கள்ளன்!” என்றார் தம்பி. “பேச்சு நின்ன பிறகு இவ்வளவு பேசினது இப்பத்தான்” என்று இளையவள் என் காதில் சொன்னாள்.

இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் புகார் கொடுக்கப் புறப்பட்டார்கள். இருப்பது ஒரே பஸ். ஒருவர் முன்வாசல் பக்கம், ஒருவர் பின்வாசல் பக்கம் நின்றுகொண்டு ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறார்கள்.

கரண்டு ஆபீஸ் ஓவர்சியர் வந்தார். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர். சுவரைத் தட்டிப் பார்த்தார். தரையில் அலமாரி இழுத்த கோட்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உயிர் போய்விட்டது.

“இது ஒரு வீடாணோ, ரெண்டு வீடாணோ?” என்று கேட்டார்.

“ரெண்டு” என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக.

பிறகு அவர் தமிழில் பொறுமையாகச் சொன்னார். “ஒரு வீட்டுக்கு ஒரு கணெக்‌ஷன். அதாக்கும் சட்டம். ரெண்டு வேணுமின்னா ரெண்டு வீடா இருக்கணும். நடுவுல வாசல் இருக்கப்படாது, ஒரு வயர் கூட கடக்கப்படாது. தீப் பிடிச்சா அணைக்க வாறவன் இங்க கட்டையை ஊரிட்டுக் கரண்டு போச்சுன்னு நெனச்சுத் தொடுவான். அவன் கதி என்ன? ஒண்ணு, வாசலை அடைங்க. இல்லேன்னா ஒரு மீட்டரை விடுங்க.”

“வாசலை அடைச்சிரலாம்” என்றார் அண்ணன்.

“இன்னைக்கே அடைக்கலாம்” என்றார் தம்பி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே கருத்து.

வயரைக் கழற்றிவிட்டார்கள். சிமெண்டுக் கட்டை வந்து இறங்கியது. கொத்தனார் வந்து முழங்கால் உயரத்துக்குக் கட்டினான். நானும் இளையவளும் அதற்கு மேலே கால் தூக்கி வைத்துப் போய்வந்தோம். மறுநாள் இடுப்பளவு ஆயிற்று. மாவுப் பாத்திரத்தை மேலே வைத்து நகர்த்திக் கொடுத்தோம். அவளை இடுப்புக்கு மேல்தான் பார்க்கமுடிந்தது, கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல. எனக்கு அது சகிக்கவில்லை.

“எக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கோ. கணெக்‌ஷன் உங்க பேருலதானே?” என்றாள்.

“நான் என்னத்தடி சொல்லுவேன்? ஆபீசர் முன்னால எனக்கு நாக்கு எழும்பாது.”

“அப்ப நாளை முதல் சாயாக்கடை வழியா வாங்கோ. எல்லாரும் எழும்பி நின்னு வழி விடுவாங்க.” இப்படிக் குத்துவதில் அவளுக்கு இணை கிடையாது.

மறுநாள் ஓவர்சியர் சுவரைப் பார்க்க வந்தார். கொத்தனார் நெஞ்சளவுக்கு ஏற்றிவிட்டிருந்தான். அவர் கையில் இருந்த தாளைப் பார்த்து, “இந்தப் பக்கத்துக் கணெக்‌ஷன் ஆருடைய பேரில்?” என்று கேட்டார்.

“என் பெண்டாட்டி பேருல. அவ பேசமாட்டா. நான் சொன்னா போதும்” என்றார் இவர்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “எனக்க மீட்டரை எடுத்துட்டுப் போங்கோ. வாசல் இருக்கட்டு.”

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா?” என்றார் இவர்.

“அம்மச்சி, சத்தமா ஒருதரம் கூடிச் சொல்லணும்” என்றார் ஓவர்சியர்.

சொன்னேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. நெஞ்சளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் இளையவளின் தலை மட்டும் தெரிந்தது. அது சிரித்தது. கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப இதை நான் இடிக்கவா, கெட்டவா?” என்று கேட்டான். இளையவள் மேலே இருந்த கட்டையை அவளே எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். ஈரம் காயாததால் சுலபமாக வந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மீட்டர் இருந்த இடத்தில் துளைகள் தெரிந்ததால் சபைக் காலண்டரை அங்கே மாட்டினார். இப்போது இரண்டு பாகத்துக்கும் கொழுந்தன் பக்கத்து லைன்தான். மழை பெய்தால் மொத்தமும் இருட்டு, சட்னியும் கிடையாது. அம்மிக் கல்லைத் தேடி எடுத்தோம்.

போன வாரம் இவர் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று டிவி போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து துணி சூடாகிற மணம் வந்தது. இவர் மூக்கை உறிஞ்சினார். எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு, நடுவாசலைக் கடந்து போனார். நானும் பின்னால் போனேன்.

“எலே, இஸ்திரிப் பெட்டியைக் கழற்று முதல்ல” என்றார்.

“நீ முதல்ல ஃபேனை நிறுத்து. அது கறங்குற கறக்கத்துல எவனுக்க ஃபியூஸும் நிக்காது” என்றார் கொழுந்தன், மீட்டருக்குக் கீழே போட்ட ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே.

இவர் ஸ்டூலில் ஏறினார். கட்டையை ஊரித் தம்பி கையில் கொடுத்தார். இளையவள் ஃபியூஸ் கம்பி தேடப் போனாள். நான் டார்ச்சை வாங்கி இரண்டு பேர் தலைக்கும் நடுவில் அடித்தேன்.