தூங்குகிற பிள்ளைக்குக் கத்தி வைத்த கதை

ஸஃபி துறைமுகத்து மத்தித் தொழிற்சாலையில் மஹ்ஜூபாவின் கைவேகத்துக்கு நிகரே கிடையாது. ஒரு நாளில் அவள் வெட்டித் தள்ளும் தலைகளைக் குவித்தால் மசூதிக் கோபுரத்துக்கே பொறாமை வரும். அவளுடைய வயிறு ஒரு வருஷமாக வீங்கிக்கொண்டே போனது.

புருஷன் கடலோடு போய் இரண்டு வருஷம். வயிற்றுப் பிள்ளை வருஷக்கணக்கில் தூங்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை; மாமியார் தாமூவுக்குச் சந்தேகமே இல்லை.

"என் மகன் விட்டுட்டுப் போன புள்ள. உள்ள தூங்குது. அது முழிக்கிற வரைக்கும் வேற நிக்காஹ் பேச்சே எடுக்கப்படாது."

"ரெண்டு வருஷமாவா அத்தை? உங்க மகனே இவ்வளவு தூங்கினதில்லையே."

ஐஸ் லாரி ஓட்டும் புஷாயிப் அவளைப் பெண் கேட்டிருந்தான். அவளுக்கு வயது முப்பத்துநாலு; தனக்கென்று ஒரு பிள்ளை வேண்டும். அதற்காகவே ஆஸ்பத்திரி ஏறினாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்த நேரத்தைவிடக் கொசு நிதானமாக உட்கார்ந்து கடிக்கும்.

"சினைப்பைக் கட்டி. ரெண்டு பையையும் எடுத்துடலாம்."

"வலி ஆரம்பிச்சது இங்க, டாக்டர்." வலது அடிவயிற்றில் விரலை ஊன்றினாள். "மொதல்ல இங்க பாருங்க."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"வயிறு என்னோடது. ரெண்டையும் எடுக்கிற தாள்ல விரல் வைக்க மாட்டேன். கெட்டத மட்டும் எடுங்க."

மூன்று நாள் முறைத்துவிட்டு டாக்டர் தாளை மாற்றினார்.

மயக்கம் தெளிந்தபோது கட்டிலருகே நின்ற டாக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"வலப்பக்கப் பையை எடுத்துட்டோம். அப்புறம் பார்த்தா அது நல்லாத்தான் இருந்துச்சு. கட்டி குடல்வால்ல. சுரைக்காய் பருமன், உள்ள பூரா கோந்து. உடையாம எடுத்தாச்சு. வருஷா வருஷம் வந்து காட்டணும். ஸ்கேன்ல சினைப்பை மாதிரியே இருந்துச்சும்மா."

"மாதிரியா? மத்தி டப்பாவுல கானாங்கெளுத்தியப் போட்டுட்டு மாதிரின்னு சொன்னா, அன்னைக்கே முதலாளி என் சீட்டக் கிழிச்சிருவான். நான் விரல வச்சே காட்டினேன்ல?"

டாக்டர் தரையில் எதையோ தேடினார்.

அதற்குள் குழந்தை சுற்றும் துணியோடு தாமூ வந்து நின்றாள். "புள்ள எங்க?"

"இவங்ககிட்ட சத்தமா சொல்லுங்க டாக்டர். எனக்குச் சொன்ன மாதிரி முணுமுணுக்காதீங்க."

"குடல்வால்ல கட்டிம்மா. புள்ள இல்ல."

வார்டு முழுக்கக் கேட்டது. தாமூ துணியை மடிக்கவும் தெரியாமல் நின்றாள்.

"பத்திரமா வைங்க அத்தை," என்றாள் மஹ்ஜூபா. வயிற்றுத் தையல் சுண்டிச் சுண்டி இழுத்தது. "ஒரு பை மிச்சமிருக்கு. அடுத்த மாசம் புஷாயிப்போட நிக்காஹ். ராப்பகலா கத்துற புள்ளையா ஒண்ணப் பெத்து, உங்க தூக்கத்தக் கெடுக்கிறேன்."