கருவாடும் சம்டைம்ஸும்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம். பொய்யை இங்கிலீஷில் சொன்னால் அது பொய்க் கணக்கில் சேராது என்று வெகுகாலமாக நம்பி வந்தவன் நான். அதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறேன்: சம்டைம்ஸ்.

தமிழில் ‘எப்பவாவது’ என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் ‘எப்ப?’ என்று உடனே கேட்டுவிடுவார். சம்டைம்ஸ் என்றால் கேட்கமாட்டார். படித்தவன், யோசித்துத்தான் சொல்கிறான் என்று விட்டுவிடுவார்.

ராயபுரத்தில் எங்கள் கோயில் ஃபாதர் ஒருமுறை, “ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர்றதுண்டா?” என்றார். “சம்டைம்ஸ், ஃபாதர்” என்றேன். அங்கே அந்தச் சொல்லுக்குக் கிறிஸ்துமஸ் என்று பொருள். தூக்கம் கலைந்தால் ஈஸ்டரையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் வேலை செய்யும் கண்டெய்னர் யார்டில், “லேட்டா வர்றியாமே?” என்று மேனேஜர் கேட்டபோதும் அதே பதில்தான். அங்கே அதற்குத் திங்கள் முதல் சனி வரை என்று பொருள்.

இப்படிப்பட்ட சொல்லை நம்பித்தான் போன மாதம் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பிரஷர். பக்கத்தில் மனைவி.

“உப்பு குறைச்சிட்டீங்களா சார்?”

“குறைச்சிட்டேன் டாக்டர்.”

“ஊறுகாய், அப்பளம்?”

“தொடறதே இல்ல.”

அது சத்தியம். கருவாடு இருக்கும் தட்டில் அப்பளத்துக்கு ஏது இடம்?

“கருவாடு?”

“சம்டைம்ஸ்.”

மனைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவோ நம்பிவிட்டார். அங்கேதான் வினை.

“இவ்ளோ கட்டுப்பாடா இருந்தும் இறங்கலைன்னா மாத்திரை பத்தலைன்னு அர்த்தம். டோஸை ஏத்திடறேன்” என்று பேனாவை எடுத்தார்.

முன்பு வேறொரு டாக்டர் இப்படித்தான் டோஸை ஏற்றிவிட்டதில், எண்ணூர் ரோட்டில் இரண்டு டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகும்போது எனக்குத் தலை சுற்றியது. எப்படியோ ஓரம் கட்டினேன். அதை வீட்டில் சொன்ன நாளிலிருந்து, என் வண்டிச் சத்தம் கேட்கும்வரை மனைவி சாப்பிட உட்காருவதில்லை.

அவள் என் பக்கம் குனிந்தாள். “ஒயுங்கா உண்மைய சொல்லு. அந்த மாத்திரைய போட்டுகினு லாரி அடியில வுயப் போறியா?”

“சொன்னா கருவாட்ட நிறுத்த சொல்லுவாங்க” என்றேன் முணுமுணுப்பாக.

“நிறுத்து.”

“நேத்துதான காசிமேட்டுல நெத்திலி வாங்கியாந்தேன். வீணா பூடும்.”

“அது கருவாடு, கெடாது. நீதான் கெட்டுப் பூடுவ.”

பேனா நின்றது. “என்ன சார், ஏதாவது சொல்லணுமா?” என்றார் டாக்டரம்மா.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, பொரித்த நெத்திலி வாசனை எங்கிருந்தோ மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரியில் அப்படி வாசனை வர வாய்ப்பே இல்லை, வந்தது. கட்டின மனைவி அடுத்தவர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்ற தைரியத்தில் அவளிடமே திரும்பினேன்.

“நீயே சொல்லு, கருவாடு சம்டைம்ஸ்தான துன்றேன்?”

“ஆமா, சோறு துன்றப்ப மட்டும்.”