சண்டைப் படம் படித்த ஞாயிறுகள்

எனக்குச் சண்டைப் படமே பிடிக்காது. என் வீட்டுக்காரருக்கோ சண்டைப் படம் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கழியாது. இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, தென்காசியில் ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நிற்கிறார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் விடுப்பு. கறி எடுத்து வந்து என்னிடம் கொடுத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார் என்றால், குத்துக்கல்வலசையில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி யாராவது யாரையாவது அடித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப்பிஸ்ட். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று ஊராருடைய சொத்துக்கெல்லாம் நாலு பக்கத்து எல்லையும் டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. சினிமாவுக்கு எழுத வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குள் பல வருஷமாக இருந்தது. கல்யாணமாகித் தனிமையில் கிடந்து வருந்தும் ஒரு பெண்ணைப் பற்றி நூறு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்த சமயம், படப்பிடிப்புக்குத் தோட்டத்தை விடுவதற்கு ஒப்பந்தம் அடிக்க வேண்டும் என்று தோட்டக்காரர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். கூடவே சினிமா கம்பெனியிலிருந்து ஓர் உதவி இயக்குநரும் வந்திருந்தார். மெட்ராஸ் பையன், மரியாதையானவர். ஒப்பந்தத்தை அடித்துக் கையில் கொடுக்கும்போது அதன் அடியில் என் நூறு பக்கத்தையும் வைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். "படிக்கிறேன் அக்கா" என்றார்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, உங்களுக்கு எழுத வருது. ஆனா இது திரைக்கதை இல்ல. நாப்பதாவது பக்கம் வரைக்கும் அந்தம்மா வருத்தப்படுறாங்க. எதுவும் செய்யல."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அப்பம் என்னதாம்ப்பா செய்ய?"

"நல்லா ஓடுன படம் ஒண்ணை எடுத்து சீன் சீனாப் பிரிச்சு எழுதிப் பாருங்க. பிடிச்ச படம் வேணாம். பிடிச்ச படம்னா எழுதாம அழுதுட்டு உக்காந்துருவீங்க."

பிடிக்காத படத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னைக்கு நானும் பாக்கேன்" என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லியே."

"படிக்கப் போறேன். நான் நிறுத்துங்கன்னா நிறுத்தணும்."

அவருக்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்று, ஊரெல்லாம் வெள்ளிவிழாக் கொண்டாடியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் கதாநாயகன். அவன் தங்கையைக் கடத்தல்காரர்கள் கட்டிப்போட்டு ஒரு கண்டெய்னருக்குள் அடைத்து வைத்துவிடுகிறார்கள். கப்பல் கிளம்புவதற்குள் அவன் மீட்க வேண்டும். கதை அவ்வளவுதான். அதில் ஆறு சண்டை.

மூன்று ஞாயிறு ஆயிற்று, முழுப் படத்தையும் லாங் சைஸ் நோட்டில் எழுதி முடிக்க. அவர் பட்ட பாடு பெரிது. "வெட்ட ஓங்குன கைய அந்தரத்துல நிறுத்தி வச்சிருக்கியேட்டி, அவனுக்குக் கை வலிக்காதா?" என்பார். ஆனாலும் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. சொன்ன இடத்தில் நிறுத்துவார், கைக்கடிகாரம் பார்த்து நிமிஷம் சொல்லுவார். பட்டாளத்துப் பழக்கம்.

எழுதியதைப் புரட்டினால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்டை, பாட்டு, அழுகை, சண்டை. வீட்டைக் காலி செய்கிறவன் சாமான் பட்டியல் எழுதினதுபோல் இருந்தது. விட்டுவிடலாம் என்று நோட்டை மூடினேன்.

நாலாவது ஞாயிறு, நான் அடுப்படியில் இருந்தபோது அவரே அந்த நோட்டை எடுத்துப் படித்திருக்கிறார்.

"ஏட்டி, இங்கன வா. இது தப்பு."

இடைவேளைக்கு முந்தின சண்டைக்கு நேராக, 'ஏழு நிமிஷம், முக்கியம்' என்று எழுதியிருந்தேன்.

"என்ன தப்பு? அதுக்குத்தான் தியேட்டர்ல விசில் பறந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க."

"விசில் அதுக்குத்தான். முக்கியம் அதுக்கு முன்னால உள்ளது."

"முன்னால ஒண்ணுமே இல்லியே. துறைமுகத்துக் கேட்டுகிட்ட நிக்கான்."

"நிக்கானா? நல்லாப் பாரு."

ஓட்டிக் காட்டினார். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கதாநாயகன் கழற்றி, வாசலில் இருக்கும் காவலாளி கையில் கொடுக்கிறான். ஒரு பேச்சு இல்லை. அப்புறம்தான் உள்ளே போகிறான். மூன்று ஞாயிறு பார்த்தும் அது என் கண்ணில் படவே இல்லை.

"அதுல என்ன இருக்கு?" என்றேன்.

அவர் பட்டாளத்துக் கதை பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "சுடுதது ஒரு நொடி வேல. சுடணுமா வேண்டாமாங்கதுதான் மனசப் போட்டு அறுக்கும். முடிவெடுத்தாச்சுன்னா பொறவு கை தானா வேல செய்யும். இவன் இங்கன முடிவெடுக்கான். இனிமே வேல கெடையாதுன்னு தெரிஞ்சுதான் குடுக்கான். உள்ள போயி அடிக்கதெல்லாம் அதுக்குப் பொறவுதான்."

நோட்டை வாங்கி, ஒவ்வொரு சண்டைக்கு எதிரிலும் இரண்டு கோடு போட்டேன். சண்டைக்கு முன்னால் அவனிடம் என்ன இருந்தது, சண்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஆறு சண்டையையும் அந்த மத்தியானமே மறுபடி பார்த்தோம். முதல் சண்டையில் மேஸ்திரியின் நம்பிக்கை போகிறது. இரண்டாவதில் வேலை. அப்புறம் வீடு. அப்புறம் கூட்டாளி. ஐந்தாவதில் நல்ல பேரே போய், போலீஸ் தேடுகிறது. கடைசிச் சண்டைக்கு வெறுங்கையோடு போகிறான். எல்லாச் சண்டையிலும் அவன் ஜெயிக்கிறான். ஜெயிக்க ஜெயிக்க ஏழையாகிறான்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சத்தம் என்று நான் இத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கொண்டது, ஒரு மனுஷனிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வருகிற வேலை. என் நூறு பக்கத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து நான் ஒன்றையும் பிடுங்கவில்லை, அதனால்தான் அவளும் ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்குக் கறி அடிப்பிடித்துப் போயிற்று. அவர் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார்.

படம் புரிந்ததும் கோபமும் வந்தது. அந்தத் தங்கச்சி பதினொரு சீனில் வருகிறாள், பதினொன்றிலும் அழுகிறாள்.

"ஏங்க, இவ ஏன் ஒரு தடவகூடக் கட்ட அவுத்துப் பாக்கல?"

"அண்ணன் வருவாம்லா."

"வரலேன்னா?"

அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். "அப்பம் அத நீ எழுது" என்றார்.

எழுதத்தான் உட்கார்ந்தேன், பல மாதம். ஒன்றும் வரவில்லை. அதற்குள் அடுத்த அருவிச் சீசன் வந்துவிட்டது. சாரல் விழுந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு லீவு விட்டுவிட்டு இருவரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். மெயினருவியில் நல்ல கூட்டம். அவர் ஆண்கள் பக்கம் போனார், நான் பெண்கள் பக்கம் வரிசையில் நின்றேன்.

உள்ளே ஒரு பெண் குளிக்காமல் சுவரோரம் நின்றாள். பதினெட்டு, பத்தொன்பது வயசிருக்கும். வெளியே போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவையோ அக்காவையோ தேடியிருப்பாள். ஆனால் எனக்கு வேறு மாதிரி தோன்றியது. இவளைப் பிடிக்க நாலு பேர் வெளியே நிற்கிறார்கள். அவர்களால் இங்கே வர முடியாது. இத்தனை கூட்டத்தில், இந்த மலையடிவாரத்திலேயே, அந்த நாலு பேரும் கால் வைக்க முடியாத ஒரே இடம் இதுதான். இங்கே நிற்கிற வரைக்கும் அவளுக்கு ஆபத்து இல்லை.

அப்போது விசில் ஊதினார்கள். தண்ணீர் செம்மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. டூட்டியில் நின்ற பெண் போலீஸ் கையை வீசிக்கொண்டு வந்தார். "வெளிய வாங்கம்மா, எல்லாரும் வாங்க, தண்ணி கூடுது! ஒருத்தரும் நிக்கக் கூடாது!"

பாதுகாப்பாக இருந்த ஒரே இடம் அவளை வெளியே தள்ளுகிறது!

"இன்டர்வல்!" என்று கத்திவிட்டேன்.

பாதி நனைந்த தலையோடு பக்கத்தில் வந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்து, தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

ஈரச் சேலையோடு ஓடினேன். அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி நின்றார். ரம்புட்டான் விற்கிற கடைகளைத் தாண்டி நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவள யாரு காப்பாத்துவா?" என்றார்.

"அங்கன டூட்டியில நிக்க பொம்பள போலீசு."

அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "அவகிட்ட என்னல்லாம் இருக்கு? ஒவ்வொண்ணாப் போகணும்லா?"

"தொப்பி. விசில். வாக்கி டாக்கி. வேல."

தென்காசி பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் தொப்பியையும் விசிலையும் போக்கிவிட்டோம்.

அந்தக் கதையை நாலு மாதத்தில் எழுதினேன். விடிந்ததும் இரண்டு மணி நேரம், அப்புறம் ஆபீசு. சண்டைகளை முற்றத்தில் நடித்துப் பார்த்துத்தான் எழுதுவோம். லத்தியோடு ஒரு பெண் இரண்டு பேரைச் சமாளிக்க முடியுமா என்று பார்ப்பதற்காக ஒருநாள் நான் விறகுக் கட்டையை ஓங்க, அவர் சுவரோரம் சாய்ந்து விழ, அடுத்த வீட்டு அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "எம்மா, விடும்மா, என்னன்னாலும் பேசித் தீத்துக்கிடலாம்!" அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்து, கதையைச் சொன்னோம். முடியுமட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. சொல்லிப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

உதவி இயக்குநருக்கு அனுப்பினேன். இந்தத் தடவை அன்றைக்கே போன் வந்தது. "அக்கா, எங்க டைரக்டர் அடுத்த மாசம் குத்தாலம் வர்றார். இருபது நிமிஷம் தர்றார். நேர்ல சொல்லணும்."

ஐந்தருவிப் பாதையில் ஒரு விருந்தினர் விடுதி. இஸ்திரி போட்ட சட்டையோடு என் வீட்டுக்காரரும் வந்தார். "நீங்க?" என்று டைரக்டர் கேட்டதற்கு, விறைப்பாக நின்று, "வீட்டுக்காரரு சார். சண்டைகள்ள கூட இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தார்.

பைலைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தேன். கிரயப் பத்திரம் வாசிக்கிற குரல் வந்தது. டைரக்டர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். இரண்டாவது பக்கத்தில் பைலை மூடினேன்.

"சார், ஆம்பளைங்க உள்ள வரவே முடியாத எடம் ஒண்ணு குத்தாலத்துல இருக்கு. ஒரு பொண்ணு அங்கன வந்து ஒளிஞ்சிருக்கா."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அப்புறம் நான் நானாக இல்லை. எழுந்து நின்று சொன்னேன். கையை வீசினேன், விசில் ஊதினேன். தண்ணீர் கூடி, எல்லாரும் வெளியே வர, கடைசியாக அந்தப் பெண்ணும் அந்தப் போலீஸும் மட்டும் உள்ளே நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். டைரக்டர் மெதுவாக, "இடைவேளையா?" என்றார். "ஆமா சார்" என்றேன். எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "சொல்லுங்க" என்றார். இருபது நிமிஷம் இரண்டு மணி நேரமானது.

முடிந்ததும் ஒரே ஒரு குறை சொன்னார். "அந்த ரயில்வே கேட் சண்டையை எடுத்துடலாம். நீளம்."

முந்தின வருஷமாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். "எடுக்கக் கூடாது சார். அந்தச் சண்டையிலதான் வாக்கி டாக்கி உடையுது. அது கையில இருந்தா கேரள எல்லையில, புளியரை செக் போஸ்ட்டுல அவ ஆளக் கூப்ட்ருவா. கூப்பிட முடியாம நின்னாத்தான், அந்தப் பொண்ணு தானா ஒரு முடிவெடுப்பா."

"அதாம் சார்!" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

டைரக்டர் சிரித்துவிட்டார். "சரி. சண்டை இருக்கட்டும். படம் பண்றோம்."

மறுநாள் ஆபீசில் சொன்னபோது எங்கள் பத்திர எழுத்தர் அண்ணாச்சி முதலில் நம்பவில்லை. ஒப்பந்தத் தாள் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்துவிட்டு, அன்றைக்குப் பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர்கள் எல்லாரிடமும், "நம்ம ஆபீசுப் பிள்ள, சினிமாவுக்கு எழுதுதா" என்று தான் எழுதினதுபோலச் சொன்னார்.

படப்பிடிப்பு அந்த ரயில்வே கேட் சண்டையிலிருந்துதான் ஆரம்பித்தது, செங்கோட்டைக்குப் பக்கத்தில். கிரேன், விளக்கு, ஸ்டண்ட் ஆட்கள், ஐம்பது அறுபது பேர். போலீஸாக நடிப்பவர் நேரே என்னிடம் வந்தார்.

"மேடம், ஓடும்போது நடுவுல திரும்பிப் பாக்குறேன்னு எழுதியிருக்கீங்க. ஏன் திரும்பணும்? ஓடிட்டே இருந்தா என்ன?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது வரைக்கும் நீங்க டூட்டிக்காக ஓடுறீங்க. திரும்பி அந்தப் பொண்ணப் பாத்ததுக்கு அப்புறம் அவளுக்காக ஓடுறீங்க. அந்த இடத்துலதான் முடிவெடுக்கிறீங்க."

அவர் தலையை அசைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். கேமரா ஓடியது. ஓடினார், நின்றார், திரும்பினார்.

டைரக்டர் 'கட்' சொல்வதற்குள் பின்னால் ஓர் ஆள் படபடவென்று கை தட்டிவிட்டார். அதனால் அந்த ஷாட்டை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரை யாரும் கோபிக்கவில்லை. இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது.