வழிந்த வாளி

மதுராந்தகத்தில் எங்கள் பள்ளிவாசல் மதரஸாவில், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவின் சட்டங்களைப் பதினோரு வருடமாக நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். ஒப்பித்துவிட்டுக் குழாயைச் சரியாக மூடாமல் ஓடுவார்கள்.

போன வருடம் ஊரப்பாக்கத்திலிருந்து பாடம் சொல்லிக்கொடுக்கப் புது உஸ்தாத் ஒருவர் வந்தார். வயது இருபத்தாறு. எதையும் செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வந்த மாதமே பிள்ளைகளை ஏரிப் பாசன வயலுக்குக் கூட்டிப் போனார். என் மகளும் போனாள். திரும்பியதிலிருந்து வீட்டில் அவர் பேச்சுதான்.

“அத்தா, அந்த வயக்காரம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? ‘எங்க முறை முடிஞ்சா மடைய அடைச்சிடுவோம், அடுத்தவன் பயிரு காஞ்சுகினு கீதுல்ல’ன்னாங்க. ஒளுவும் அதே மாதிரிதானாம். உஸ்தாத் சொன்னாரு.”

பதினோரு வருடமாக நான் சொன்னதும் அதைத்தானே! எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

அடுத்த வெள்ளிக்கிழமை உஸ்தாத் சொன்னபடி பிள்ளைகள் குழாய்களுக்குக் கீழே வாளி வைத்து, யாருடைய ஒளுவுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று அளந்தார்கள். குறையில்லாத ஒளு என்றால் என்ன என்று இந்த இருபத்தாறு வயதுச் சின்னப் பையனுக்குக் காட்டிவிடலாம் என்று நானும் போய் உட்கார்ந்தேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, விரலிடுக்குகூட விடாமல் நிதானமாகக் கழுவினேன். வாளி நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. பிள்ளைகள் கவனித்தார்கள்.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். என் மகளின் கையெழுத்து. பன்னிரண்டு பேரின் பெயர் இருந்தது. அதிகத் தண்ணீர் செலவான கடைசி வரியில் மட்டும் பெயரை அழித்த தடம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “என் பேரை நீயா அழிச்ச?”

“நான் எழுதிட்டேன் அத்தா. உஸ்தாத்துதான் அழிக்கச் சொன்னாரு. உங்கத்தா எனக்கும் பெரியவரு, சுவத்துல போடக் கூடாதுன்னாரு.”

அவர் என்னைக் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் மானத்தைக் காப்பாற்றியதும் அவர்தான் என்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

அன்று பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்கு ஒளு செய்யும்போது குழாயை நூல்போலத்தான் திறந்தேன். அவர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். அடுத்த குழாயில்தான் இருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் குழாயில் தண்ணீர் என்னுடையதைவிட மெல்லிசாக வந்துகொண்டிருந்தது.