தங்கைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஸ்டெல்லா நான். பங்கு மக்களே, என் வியாதியைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் பொறாமையைச் சொல்லத்தான் கூசுகிறது.

போன வருடம் தவக்காலம் தொடங்கும்போது வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் புற்றுநோய். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, மஞ்சள்காமாலை வந்ததில்லை. டாக்டரம்மா என்ன சாப்பிடுவேன் என்று துருவிக் கேட்டார். ரத்தத்தையும் சோதித்தார்.

"கெட்டுப்போற செல்லைத் தடுக்குற ஒரு ஜீன், பிறவியிலேயே உங்களுக்குக் குறையுதும்மா. அதோட பூசணம் புடிச்ச வேர்க்கடலை, நீங்க சொல்ற மல்லாட்டை, அதோட விஷமும் சேர்ந்திருக்கலாம். ஒண்ணு மட்டும்னா உடம்பு தாங்கியிருக்கும்" என்றார்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. நானும் தங்கை ரெஜினாவும் பிரம்மதேசம் பக்கம் மல்லாட்டை பிடுங்கப் போவோம். நனைந்து பச்சையாய்ப் பூசணம் பூத்ததைக் கூடத் துடைத்து வறுத்துத் தின்போம். இருவரும் ஒரே மூட்டையில்தான் தின்றோம். அவள் மட்டும் உப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வரப்பில் நடந்தாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. 'ஆண்டவரே, அவளுக்கு ஏன் வரவில்லை?' இதுதான் அப்போது என் ஜெபம்.

இன்னொன்றும் செய்தேன். "கூடப் பொறந்தவங்களுக்கும் அந்தக் குறை இருக்கலாம், தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மூன்று வாரம் அதை மறைத்தேன்.

பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடக் குனிந்தேன். உதடு ஒட்டவில்லை. "இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு என்னால் பிழைக்க முடியாது, இதை எடுத்துவிடும்" என்று அழுதேன். கோயில் வாசலிலேயே ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்தது. "மூணு வாரமா? எனக்கும் இருந்திருந்தா என்னா பண்ணுவக்கா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "சரி, அழாத. நாளைக்கே போலாம்."

முடிவு வரும்வரை அவளுக்காக மட்டும் ஜெபித்தேன். முதல்முறையாக மனதாரக் கேட்டேன். அவளுக்கு ஜீனில் குறையில்லை, கல்லீரலும் சுத்தம். பொறாமை வரும் என்று பயந்தேன். மகிழ்ச்சிதான் வந்தது. அதுவே எனக்குக் கிடைத்த முதல் பதில்.

இரண்டாவது பதில் நான் கேட்காமலேயே வந்தது. கட்டி சிறியது, கல்லீரலை மாற்றினால் பிழைக்கலாம் என்றார்கள். தங்கையின் ரத்த வகை எனக்குப் பொருந்தியது. "என்னோடதுல பாதிய எடுத்துக்குங்க, அது திரும்ப வளந்துடுமாம்ல" என்று ரெஜினா டாக்டரம்மாவிடம் சொன்னாள். சென்னையில் அறுவை நடந்தது.

இன்று நான் உயிரோடு நிற்கிறேன். பூசணம் கண்ட கடலையைத் தின்னாதீர்கள் என்று உப்பளத்துப் பெண்களிடம் ஓயாமல் சொல்கிறேன். அறுவைக்குப் பிறகு வார்டில் ரெஜினா எனக்கு முன்னால் எழுந்து நடந்தபோது பழைய எரிச்சல் மறுபடி எட்டிப் பார்த்தது. அதையும் ஆண்டவரிடமே சொன்னேன்.

நீங்களும் யாரைப் பார்த்துப் புழுங்குகிறீர்களோ, அவர் பெயரைச் சொல்லி அவருக்காக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆண்டவர் கேட்பார். என் ஜெபத்தைக் கேட்டார்.