ஓதாமல் எழும்பாத கை

தென்னை மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு என் மகன் அழுத அழுகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவனுக்கு அப்போது ஆறு வயது. விடிந்ததிலிருந்து நான்காவது முறையாக அங்கே போய் நின்றிருந்தான். ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. ‘அப்பா, வரமாட்டேங்கு, அப்பா’ என்று என்னைத்தான் கூப்பிட்டான், அம்மாவைக் கூப்பிடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. பத்து நாளாகவே எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் உலகத்தில் எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. சூடுதான், இளநீரும் சீரகத் தண்ணீரும் கொடு என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். இப்போது அவன் அடிவயிறு வீங்கிக் கல்லாக இருந்தது. தொட்டால் அலறினான். கை கால் ஓடாமல் நின்ற என்னை மனைவிதான் வண்டிக்கு விரட்டினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் இது நடந்தது. தக்கலைக்குத் தெற்கே வயல் சூழ்ந்த சைவ வேளாளர் ஊர் எங்களுடையது. என் பெரியப்பா அங்கே கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்டவர். எனக்கு அப்பா இல்லை, எனவே வீட்டிலும் அவர் சொல்தான் சட்டம். அவர் செருமினாலே எனக்கு வேட்டி நழுவும். அன்று அவர் திருவிழாக் கணக்குப் பார்க்கச் சுசீந்திரம் போயிருந்தார். அது தெய்வச் செயல் என்று அப்போது நினைத்தேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. முட்டம் பக்கம் கடற்கரை ஊர்களில் வாந்திபேதி கண்டு அங்கே போயிருந்தார், வர இரண்டு நாளாகும் என்றார்கள். கம்பவுண்டர் மட்டும் இருந்தார். நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர். பையனைப் படுக்க வைத்துப் பார்த்தார். வெந்நீர்த் துணி போட்டார், ரப்பர்க் குழாய் விட்டுப் பார்த்தார், அது நுழையவில்லை. என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். நுனித்தோல் புண்ணாகி மூடிக்கொண்டது. அதை வெட்டி எடுத்தால் வழி திறக்கும். இரண்டு நாள் காத்திருந்தால் மூத்திரப்பை தாங்காது.

“அப்பம் நீரே வெட்டும்” என்றேன்.

“எனக்குத் தெரியாது சாரே. டாக்டர் செய்யும்பம் விளக்குப் பிடிச்சிருக்கேன், அவ்வளவுதான். தக்கலையில ஒரு ஒசா உண்டு. அவரு கையைப் பாத்து டாக்டரே மெச்சியிருக்காரு. அங்க கொண்டு போங்க.”

ஒசா என்றால் முஸ்லிம் வீடுகளில் முடி வெட்டுகிறவர், பையன்களுக்குச் சுன்னத்துச் செய்கிறவரும் அவரே. கம்பவுண்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த நியாயத்தையெல்லாம் சொன்னார். “எங்க வேதத்திலயும் உண்டு சாரே. ஆபிரகாமுக்கு ஆண்டவரு சொன்னது. இயேசுவுக்கே எட்டாம் நாளு செய்தாங்க. பெறவு எங்களுக்கு அது வேண்டாம்னு அப்போஸ்தலமார் முடிவு செய்தாங்க. ஆனா டாக்டர் சீக்குக்காகச் செய்யத்தான் செய்யாரு. யூதனுக்கு அது உடன்படிக்கை, துலுக்கனுக்கு மார்க்கம், உங்க பிள்ளைக்கு மருந்து. வெட்டுறது ஒரே வெட்டுதான்.” அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் என் ஊருக்கு இதை யார் சொல்வது? பெரியப்பாவுக்குத் தெரிந்தால் பையனைக் கோயிலுக்குள் விடமாட்டார். நாளைக்கு அவனுக்குப் பெண் கொடுப்பது யார்? பிள்ளை வண்டியில் துடிக்க, நான் அவன் கல்யாணத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒசாவின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால், சின்ன ஓட்டு வீடு. ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள், வெளுத்த தாடி. அந்தத் தெருவில் சுன்னத்து ஊர்வலம் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பையனைப் புது உடுப்பும் பூமாலையுமாகக் குதிரைமேல் ஏற்றி, கல்யாண மாப்பிள்ளையாட்டம் மேளத்தோடு கூட்டிப் போவார்கள். பையன் மட்டும் குதிரைமேல் இருந்து அழுவான். என் மகனை நான் என் மேல்துண்டால் மூடி, பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஒசா கையெடுத்துக் கும்பிட்டார். “வேண்டாம் சாரே. பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுண்ணா, இந்து வீட்டுப் பிள்ளைய துலுக்கன் பிடிச்சு வெட்டிக் கொன்னுட்டாம்னுதான் சொல்லுவாவ. எனக்க தெருவுல ஒருத்தன் நிம்மதியா உறங்க முடியாது.”

அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு பயந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் மகன் ஒரு சத்தம் போட்டான். அழுகை இல்லை அது, கன்றுக்குட்டி கத்துவதுபோல் இருந்தது. உள்ளேயிருந்து ஒசாவின் மனைவி வந்து பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டா நியாயம் பேசுதீங்க?” என்று கணவரை ஒரு வார்த்தை கேட்டாள். அவர் அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். டாக்டர் சொல்லிக்கொடுத்ததாம். அந்த அம்மா ஒரு புது வெள்ளைத் துணியை எடுத்து வந்து பையனுக்குச் சுற்றி, சுன்னத்துப் பலகையில் உட்கார வைத்தாள். பழைய துணியோடு யாரையும் அந்தப் பலகையில் உட்கார வைத்ததில்லையாம். நான் மகனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் நெஞ்சு என் கைக்குள் அடித்துக்கொண்டது. ஒசா கத்தியை எடுத்து உதட்டை அசைத்தார். எனக்குச் சுருக்கென்றது. வெட்டினால் மருந்து. ஓதி வெட்டினால்? அந்த நொடியில் என் பிள்ளை அவர்கள் பிள்ளையாகிவிடுவான் என்று என் புத்தி சொன்னது.

“ஓய், நீரு ஓதாம செய்யணும்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. “சரி சாரே” என்றார். மறுபடி குனிந்தார். கத்தி பிடித்த கை நடுங்கியது. ஒருமுறை கையை உதறிவிட்டுக்கொண்டு பார்த்தார். இன்னும் அதிகமாக நடுங்கியது. கத்தியைத் தட்டில் வைத்துவிட்டார். “பிஸ்மி சொல்லாம நான் ஒரு தேங்காகூட ஒடச்சதில்ல சாரே. ஓதாம எனக்க கை எழும்பாது. இது உங்க பிள்ளைய மாத்துறதுக்கு இல்ல, எனக்க கை தப்பாம இருக்கதுக்கு. எங்களுக்கு இது இப்ராஹீம் நபி வழி, சுத்தம், தொழுகைக்கு வேணும். இந்தப் பிள்ளைக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. மூத்திரம் போகணும், உயிரு நிக்கணும், அவ்வளவுதான்.”

சரி என்றால் குலத்தை விட்டுக்கொடுத்தவன், வேண்டாம் என்றால் பிள்ளையைக் கொன்றவன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மகன்தான் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். உதடெல்லாம் காய்ந்திருந்தது. “அப்பா, அவரு சொல்லட்டும்” என்றான்.

“சொல்லும்வே, சொல்லும்” என்று கத்தினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் குரல் மெல்ல ஓடியது. அது நின்றபோது காரியமும் முடிந்திருந்தது. மகன் அலறினான். அதற்குப் பின்னாலேயே தட்டில் மூத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. ரத்தமும் சீழும் கலந்து வந்தது. அப்படி ஒரு சத்தத்துக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். துணியைக் கரித்துச் சாம்பல் வைத்துக் கட்டிவிட்டு, ஒசா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் மனைவி அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தாள். குடித்தேன். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் செய்தார் என்று வீட்டில் சொன்னேன். கம்பவுண்டர் எங்கேயும் வாய் திறக்கவில்லை. பெரியப்பா இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, டாக்டர் கை என்றால் தோஷமில்லை என்று விட்டுவிட்டார். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். இருபது நாள் கழித்துப் பெரியப்பாவோடு தக்கலைச் சந்தைக்குப் போனேன். வெற்றிலைக் கடைப் பக்கத்தில் எதிரே ஒசா வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. “சாரே, பிள்ளைக்கு சொகமா?” என்றார்.

பெரியப்பா நின்றார். “யாருலே இவன்? உனக்க பிள்ளைய இவனுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது பெரியப்பா. ஆளு மாறிக் கேக்கான்” என்றேன். கேட்கிறார் என்றுகூட வரவில்லை, கேக்கான் என்று வந்தது.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம், “ஆமா, ஆளு மாறிப் போச்சு, பொறுத்துக்கிடணும்” என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் போனார். அதற்குப் பிறகு என்னை எங்கே கண்டாலும் அவராகவே சாலையின் அந்தப் பக்கம் மாறி நடந்தார். எனக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது என்று அவர் செய்த காரியம் அது. நானும் அவரை மாறி நடக்க விட்டேன். சில வருஷம் கழித்து அவர் மௌத்தாகி அடக்கமும் முடிந்த செய்தி வந்தபோது பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து கணக்கைப் போட்டுக்கொடுத்தேன்.

போன மாதம் நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஒன்றில் என் பேரனுக்கு அதே கோளாறுக்கு அதே வைத்தியம் நடந்தது. மயக்க மருந்து கொடுத்து, அரை மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். மருமகளின் வீட்டார் வராந்தாவில் இருந்து அதைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், பல் பிடுங்கிய விஷயத்தைப் பேசுவதுபோல. நான்தான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர்கள் சாப்பிடப் போன பிறகு மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் நரைத்துவிட்டது.

“எனக்கு யாருப்பா செய்தது?” என்று கேட்டான்.

“ஆஸ்பத்திரி டாக்டர்” என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“டாக்டர் பிஸ்மில்லா சொல்லுவாராப்பா?” என்றான்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “பயப்படாதீங்க. உங்க பெரியப்பா செத்து முப்பது வருஷமாச்சு.”

அப்போதும் நான் வராந்தாவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான், “தக்கலை ஒசா” என்றேன்.