ஆகஸ்ட் பந்தயத்துக்கு மே மாத லேபிள்

வெம்பக்கோட்டை வாத்தியார் மகள் ஸ்வீட்டி, வாங்காத பட்டத்தைச் சொல்லிப் பட்டாசுப் பெட்டியில் தன் படத்தைப் போட்டுக்கொண்டாள் என்று சிவகாசி டீக்கடைகளில் பேச்சு. 2006 தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம். கம்பெனிகள் பூட்டிக் கிடந்ததால் ஊருக்குப் பேச நேரமிருந்தது. எனக்கும் இருந்ததால் விசாரிக்கக் கிளம்பினேன்.

சரவெடிப் பெட்டி ஒன்று கிடைத்தது. லேபிளில் ஹெல்மெட் போட்ட ஸ்வீட்டி, தலைக்கு மேல் 'இந்திய சாம்பியன்', பின்னால் பனிமலை. வெம்பக்கோட்டையில் பனிமலை ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்வீட்டிக்குப் பதினெட்டு வயது. அவள் முதலில் ஜெயித்தது மெதுவாகப் போனதற்கு. பள்ளி ஆண்டு விழா ஸ்லோ சைக்கிள் ரேஸில் கால் ஊன்றாமல் கடைசியாக வந்தாள். பரிசு ஒரு சோப்பு டப்பா. அடுத்தது சிவகாசி வரைக்கும் ரோடு ரேஸ், அப்பா நேசகுமாரின் பார் வைத்த சைக்கிளில். பிறகு காரியாபட்டி ரோட்டில் டைம் டிரையல்: ஒவ்வொருவராகக் கிளப்பிவிடுவார்கள், போட்டி கடிகாரத்தோடு மட்டும். மாவட்ட முதலிடம். கடைசியாகச் சென்னைப் பக்கம், கிண்ணம்போல் சரிந்த வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தயத் தளம். அங்கே ஓட்டுவது பிரேக்கே இல்லாத சைக்கிள். அரசு ஆஸ்பத்திரி நர்ஸான அம்மா தேவமணிக்கு அந்தச் சேதியே போதுமாக இருந்தது, தூக்கம் கெட. மாநில முதலிடம்.

அப்போதுதான் பட்டாசு முதலாளி தனுஷ்கோடி இரண்டு பந்தயச் சக்கரங்கள் வாங்கிக் கொடுத்து, ஒரு போட்டோ கேட்டார். தேசியப் போட்டி ஆகஸ்டில். லேபிளோ மே மாதமே அச்சாக வேண்டும். ஜூலையில் லோடு ஏறிவிடும். அடுத்த வருடக் காலண்டரை ஆடியிலேயே அடித்து அடுக்குகிற ஊர் இது. முதலாளி பந்தய முடிவையும் சேர்த்து அடித்துவிட்டார்.

ஆகஸ்டில் ஸ்வீட்டி நாலாவதாக வந்தாள்.

தீபாவளிக்கு, வடக்கே சைக்கிள் சங்க அதிகாரி ஒருவர் தன் பிள்ளைக்கு வாங்கிய பெட்டியில் இந்திய சாம்பியனைப் பார்த்தார். அவர் மெடல் போட்டுவிட்ட சாம்பியன் வேறு பெண். நவம்பர் முப்பதுக்குள் விளக்கம் வேண்டும், அதுவரை தேசியப் பயிற்சி முகாமில் இடம் நிறுத்தம் என்று ஸ்வீட்டிக்கு நோட்டீஸ் வந்தது.

நான் போனபோது ஸ்வீட்டி வீட்டில் அதுதான் பேச்சு.

"நீங்களே சொல்லுங்க சார். இவளுக்குத் தெரியாமப் போட்டோம்னு தனுஷ்கோடி அண்ணாச்சி எழுதிக் கொடுத்தா முடிஞ்சு போச்சு" என்றார் தேவமணி.

"தெரியும்மா" என்றாள் ஸ்வீட்டி.

நேசகுமார் பேப்பரை இறக்கினார்.

"அச்சாபீஸ்ல மாதிரி லேபிள் காட்டுனாக. பார்த்தேன்" என்றாள் அவள்.

"பார்த்துட்டு என்னட்டி சொன்ன?"

"கலர் நல்லாருக்குன்னேன். ஜெயிச்சிருவேன்னு நெனச்சேம்மா. சக்கரம் வேற அவுக குடுத்தது."

டீக்கடைப் பேச்சில் பாதி உண்மை என்று ஆகிவிட்டது. அது எந்தப் பாதி என்று கடைக்காரரிடம் விளக்குவது எனக்கு ஆகாத காரியம்.

மறுநாள் அவளே பதில் எழுதினாள். லேபிளை முன்பே பார்த்தேன், தடுக்கவில்லை, அச்சடிக்கச் சொன்னது நானல்ல. கடைசி வரிக்கு மட்டும் சாட்சி வேண்டும். முதலாளியைப் பார்க்கப் போனாள், நானும் போனேன்.

"வாம்மா சாம்பியன்!"

"நாலாவது, அண்ணாச்சி."

"நாலுன்னா சும்மாவா? எம்புட்டுப் பேர் ஓட்டுனாக!"

"நீங்கதான் அடிச்சீகன்னு ஒரு வரி வேணும்."

"தர்றேன், தராமயா? ஆனா இப்ப எழுதுனா, பொய் லேபிள்னு சரக்கு எடுத்த பார்ட்டிக பில்லுப் பணத்துல கை வச்சிருவாக. வசூல் வரட்டும்."

"எப்ப வரும்?"

"பொங்கலுக்குள்ள."

"எனக்கு முப்பதாம் தேதி."

"டீ சாப்பிடும்மா மொதல்ல."

இருபத்தெட்டாம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பினாள். கீழே, 'இணைப்பு: கம்பெனிக் கடிதம், பின்னர் வரும்' என்று எழுதியிருந்தாள். பொங்கலும் போய்விட்டது. முகாம் பிப்ரவரியில், அழைப்பு வரவில்லை. தனுஷ்கோடி தரவேண்டிய அந்த ஒரு வரியும் வரவில்லை.